சாணைக்கல்லும் தையல் மிஷின் மிதியும்

பதினொரு வருடம் வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, கெட்டுப்போன ஒரு கத்தரிக்கோலால்தான் இந்தச் சாணை பிடிக்கும் தொழில் வந்து சேர்ந்தது. மாமியார் கொடுத்த பத்து அங்குல மீரட் கத்தரி அது. பித்தளைப் பிடி, கையில் எடுத்தால் கனக்கும். கழித்துப்போட்ட வண்டி ஸ்பிரிங் பட்டை மாதிரியான பழைய எஃகை அடித்து அந்த ஊரில் செய்வார்கள். 2013-இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். ஒழுங்காக வைத்துக்கொண்டால் பேத்தி காலம் வரை வரும். 2019-இல் அதை மெயின் ரோட்டில் மோட்டார் போட்ட ஒரு சாணைக் கடையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம் தீப்பொறி பறந்தது, முப்பது ரூபாய் வாங்கினார்கள். மதுரை செல்லூரில் வீட்டுக்கு வந்து லைனிங் துணியில் வைத்தால், துணி வெட்டுப்படாமல் இரண்டு தகட்டுக்கும் நடுவில் மடிந்து உட்கார்ந்துகொள்கிறது. நுனியில் ஒரு அங்குலத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் நீலம் பூத்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் ஒரு சாணைக்காரத் தாத்தா வருவார். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, பின்சக்கரத்தில் இருந்து பெல்ட் கொடுத்து, முன்னால் பூட்டியிருக்கும் கல்லை மிதித்தே சுற்றுவார். அவரிடம் கத்தரியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வயித்துல தேச்சுட்டான் தாயி. இனி இது கத்தரி இல்ல, ரெண்டு தனிக் கத்தி” என்றார்.

வயிறு என்று அவர் சொன்னது, இரண்டு தகடும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உள்பக்கத்தை. நல்ல கத்தரியில் அது தட்டையாக இருக்காது, லேசாகக் குழிந்திருக்கும். தகடும் நீளவாக்கில் இம்மியளவு வளைந்திருக்கும். மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால் நடுவில் நூல் இழை அளவு சந்து தெரியும், நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இப்படி இருந்தால்தான் வெட்டும்போது இரண்டு கூரும் ஒரே ஒரு புள்ளியில் சந்தித்து, அந்தப் புள்ளி திருகில் இருந்து நுனி வரை நகர்ந்துகொண்டே போகும். உள்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்துவிட்டால் அந்தச் சந்திப்பு போயே போச்சு. நீலத்துக்கும் காரணம் சொன்னார்: சூடு. எஃகு சூடேற ஏற முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, அதற்கும் மேல் நீலம். நீலம் தெரிந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கொல்லர் கொடுத்த பதம் அந்த இடத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கூராக்கினாலும் நாலு நாளைக்குத்தான்.

அவருடைய கல்லில் தீப்பொறி பெரிதாகப் பறக்காததை அன்றைக்குத்தான் கவனித்தேன். கால் மிதிக்கிற வேகத்துக்குக் கல் சூடாவதில்லை. அவருடைய அப்பா காலத்தில் கல்லையும் அவர்களே செய்துகொள்வார்களாம்: குருந்தக்கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து. ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தப் பெயரே நம் குருந்தத்தில் இருந்து போனதுதான். ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் கார்போரண்டம் கல் வேறு சரக்கு, சிலிக்கன் கார்பைடு. பெயரில் பாதி மட்டும் நம்முடையது.

அவர் என்னைச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார் என்றெல்லாம் இல்லை. வரும்போது டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பேன், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். 2020-இல் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, ரவிக்கை இல்லை, அவரும் வரவில்லை. வீட்டில் சும்மா கிடந்த கத்தி, கத்தரி எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முரடும் ஒரு பக்கம் நைசுமாக இருக்கும் சாதாரணத் தீட்டுக்கல் ஒன்றுதான் கையில். முதல் ஒரு மாதம் எதுவுமே கூராகவில்லை. இருந்த கூரும் போனது.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தது ஒரு மார்க்கர் பேனாவால். கத்தியின் கூர்ச் சரிவில் மை தடவி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. எனக்கு மை சரிவின் மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தது. இத்தனை நாளும் கூரைத் தொடவே இல்லை, தோளைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி போதும். கோணமானி தேவையில்லை. சதுரக் காகிதத்தின் ஒரு மூலையை இரண்டு முறை பாதியாக மடித்தால் 22 டிகிரி சொச்சம் வரும், அதைக் கல்லோரம் நிறுத்திவைத்துக் கொஞ்சம் குறைத்துப் பிடித்தால் சரி. கறிக்கடை வெட்டுக்கத்திக்கு 25-க்குக் கீழே போகக்கூடாது. எலும்பில் பட்டதும் பல்லுப் பல்லாக உதிர்ந்துவிடும். தச்சர் உளிக்கு 25, நுனியில் மட்டும் 30.

அடுத்தது பிசிறு. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் கூரின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலைக் கூருக்குக் குறுக்கே வெளிப்பக்கமாக இழுத்தால் சொரசொரப்பாகத் தட்டுப்படும் (கூர் ஓடும் வாக்கில் விரலை ஓட்டாதீர்கள், நான் ஓட்டியிருக்கிறேன்). அடியில் இருந்து நுனி வரை விடாமல் பிசிறு வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. அதற்கு மேல் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. பிறகு மறுபக்கம், பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக, கடைசியில் தோல் பட்டையில் பத்துத் தடவை. பழைய பெல்ட்டைப் பலகையில் ஒட்டினாலே போதும். பிசிறு வந்தது தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருப்பதில்தான் நம் ஊரில் பாதிக் கத்திகள் வீணாகப் போகின்றன. கூர் எல்லோருக்கும் வந்துவிடும், கை எடுக்கத்தான் வருவதில்லை. அடுத்தவர் பொருளைக் குறைத்துத்தான் நாம் காசு வாங்குகிறோம் என்பது எனக்கு உறைத்ததும் அப்போதுதான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கத்தியின் அகலத்தையும், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும். இன்றைக்கும் எழுதுகிறேன்.

2021-இல் காசுக்கு வேலை எடுக்க ஆரம்பித்தபோது முதலில் செய்த காரியம் தப்பு. ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் ஒன்றை 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். நிமிடத்துக்கு 2,800 சுற்று. பக்கத்து வீட்டு அக்காவின் வெட்டுக்கத்தியை வைத்தேன், ஐந்து நொடியில் நுனி நீலம். மெயின் ரோட்டுக் கடைக்காரரைத் திட்டியதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. அந்தக் கிரைண்டர் இன்னமும் இருக்கிறது. நுனி உடைந்த கத்தியையும் பல் விழுந்த வெட்டுக்கத்தியையும் உருவத்துக்குக் கொண்டுவர மட்டும். பக்கத்தில் தண்ணீர் வாளி. இரண்டு நொடி தேய்ப்பு, ஒரு முக்கு. கையுறை போடாமல் பிடித்தால் நல்லது, விரல் சுடுவதற்கு முன்பே நிறுத்தத் தோன்றும். சுற்றுகிற கல் பக்கத்தில் துணிக் கையுறை எப்படியும் ஆபத்து, இழுத்துக்கொள்ளும்.

மீதி வேலைக்கு வழி என் தையல் அறையிலேயே இருந்தது. மோட்டாருக்கு மாறிய பிறகு பழைய மிஷினின் இரும்பு மிதிக்கால் சும்மா கிடந்தது. அதன் மேல் பலகைக்குப் பதிலாக ஒரு தண்டு, இரண்டு பேரிங், ஒரு நைஸ் கல். லேத் பட்டறையில் தண்டு கடைந்து தர 900 ரூபாய் ஆனது. கீழே இருக்கும் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டில் இருக்கும் சின்னக் கப்பி ஐந்து சுற்றுச் சுற்றும். நான் மிதிக்கிற மிதியில் நிமிடத்துக்கு 300 சுற்றுப் பக்கம் வரும். சூடே ஏறாது. கரண்டு போனாலும் வேலை நிற்காது. பதினொரு வருடம் மிதித்த கால், பழக்கம் தேவைப்படவில்லை. தாத்தா திரும்ப வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “சைக்கிள் ஓட்டத் தெரியாதவ செஞ்ச சைக்கிளு” என்று சிரித்தார்.

ஆரம்ப முதலீடு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. அதில் வீண் என்று எதையாவது சொல்வதென்றால், கூர் தீட்டும் இழுப்பான் ஒன்று, வி வடிவத்தில் இருக்குமே, அதுதான். கூரைச் சுரண்டி எடுக்கும், தீட்டாது. கண்டிப்பாக வாங்க வேண்டியது 1,000 நம்பர் கல் ஒன்று, 3,000 நம்பர் கல் ஒன்று (நம்பர் ஏற ஏறக் கல் நைசு), அரைவட்ட அரம் ஒன்று. அரிவாள்மனையின் வளைவுக்குள் தட்டைக்கல் உட்காராது, அதற்குத்தான் அரைவட்ட அரம். கல்லும் நாளாக நாளாக நடுவில் குழி விழும். குழிந்த கல்லில் எந்தக் கோணமும் நிற்காது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, வாரம் ஒரு முறை கல்லையே அதில் தேய்த்துச் சமன் செய்துவிடுவேன்.

சுற்றும் கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் நான் விளையாடுவதில்லை. புதுக் கல்லை மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு ஸ்குருடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். கல்லில் எழுதியிருக்கும் உச்ச வேகம் மோட்டார் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்க வேண்டும். கத்தியைத் தாங்கிப் பிடிக்கும் தாங்குபலகைக்கும் கல்லுக்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. அலுமினியத்தை அதில் தேய்க்கவே கூடாது, கல் அடைத்துக்கொள்ளும். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மூக்குக்கு என்95. முந்தானையை இடுப்பில் செருகினால் போதாது. நான் நைட்டிக்கு மேல் ஏப்ரன் கட்டி, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்கிறேன்.

வாடிக்கை எப்படி வந்தது என்று பலரும் கேட்பார்கள். முதலில் வந்தவர்கள் தையல்காரர்கள்தான். எனக்குத் தெரிந்த உலகம் அது. புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய தையல்காரர்களில் இரண்டு பேருக்கு இலவசமாகச் செய்து கொடுத்தேன். வேறு விளம்பரம் செய்யவில்லை. தையல் கத்தரியைச் சோதிக்கக் காகிதம் உதவாது, எந்தக் கத்தரியும் காகிதத்தை வெட்டும். ஒற்றை மடிப்பு ஷிஃபான் துணியை நனைத்து, நுனியால் மட்டும் வெட்ட வேண்டும். மடியாமல் வெட்டினால்தான் கையில் கொடுப்பேன். கூலி 80 ரூபாய். “ரோட்டுல முப்பதுக்குப் பிடிக்கிறானேக்கா” என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். நான் பேரம் பேசவில்லை, என் மீரட் கத்தரியை எடுத்துக் காட்டினேன். அது இன்னமும் ஆணியில் தொங்குகிறது.

சமையல் கத்திக்கு 40, அரிவாள்மனைக்கு 70, உளிக்கு 50. கறிக்கடைக்காரர்களுக்கு மாதக் கணக்கு. அவர்கள் விடிகாலை நாலு மணிக்கே கடை திறப்பவர்கள், கத்தியை ஒரு நாள் நம்மிடம் விட முடியாது. அதனால் இரண்டு வெட்டுக்கத்தியை நானே வாங்கி மாற்றுக்கு வைத்திருக்கிறேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்து வருவது. இந்த யோசனையைச் சொன்னது ஒரு பாய்தான், நானாக யோசிக்கவில்லை. பக்ரீத்துக்கு முந்தைய பத்து நாள் தூக்கம் கிடையாது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அதைவிட மோசம். சாமி முன்னால் வைக்கும்போது கூராக இருக்க வேண்டும் என்று தச்சர், கொத்தனார், பெயிண்டர் எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள். பூஜை அன்றைக்கு நம் கல்லுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, தொடக்கூடாது, யார் கெஞ்சினாலும் விஜயதசமிதான். சனிக்கிழமை இரும்பு வீட்டுக்கு வரக்கூடாது என்று சிலர் கத்தியைத் திரும்ப வாங்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கொடுக்கமாட்டார்கள். யாருமே கத்தியைக் கைக்குக் கை தரமாட்டார்கள், சண்டை வருமாம். திண்ணையில் வைப்பார்கள், நான் எடுப்பேன். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் கை வெட்டுப்படாமல் இருக்க இதைவிட நல்ல பழக்கம் இல்லை.

ஒரு தடவை இரண்டு அரிவாள்மனை மாறிப்போனது. இரண்டும் ஒரே மாதிரி, பலகைகூட. ஒரு அம்மா வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்ததுமே “இது என்னுது இல்ல” என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அன்றில் இருந்து எல்லாவற்றுக்கும் அடையாளம்: ரவிக்கைத் துண்டுத்துணியில் நம்பர் எழுதி, பிடியில் முடிச்சு. தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம்.

எடுக்காமல் திருப்பி அனுப்புவதையும் சொல்லிவிடுகிறேன். பல் வைத்த கதிர் அரிவாளைக் கொல்லர்தான் பல் வெட்டித் தர வேண்டும். நான் தேய்த்தால் பல்லே இருக்காது. வெட்டும் இடத்தில் கார்பைடு வைத்த மர ரம்ப வட்டுகளுக்கு வைரக்கல் வேண்டும், என் கல் அதைத் தொடாது. மிக்சி பிளேடைக் கேட்டு வாரம் நாலு பேராவது வருவார்கள். பெரும்பாலும் பிளேடு சரியாகத்தான் இருக்கும், அடியில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

சலூன் கத்தரியில் சூடு பட்டேன். விலை உயர்ந்த வகையில் கூர் சரிவாக இருக்காது, வெளிப்பக்கம் முழுக்க மெல்லிய வளைவாக ஓடும். அது தெரியாமல் ஒரு தம்பியின் கத்தரியைத் தையல் கத்தரி மாதிரி சரிவு போட்டுவிட்டேன். முடி வெட்டுப்படாமல் நழுவியது. அவர் சத்தம் போடவில்லை, “அக்கா, இது நாலாயிரம்க்கா” என்று மட்டும் சொன்னார். மூன்று தவணையில் கொடுத்து முடித்தேன். இப்போது சலூனில் இருந்து வந்தால் முதலில் நகத்தால் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். சரிவின் விளிம்பு தட்டுப்பட்டால் எடுப்பேன், தட்டுப்படாவிட்டால் கும்பிடு போட்டுவிடுவேன். எடுக்கும் கத்தரியிலும் திருகைப் பார்த்துவிட்டுத்தான் கூரைப் பார்ப்பேன். ஒரு பிடியைப் படுக்கையாகப் பிடித்து மற்றதை நிமிர்த்திவிட்டால், அது பாதியில் நிற்க வேண்டும். முழுக்க விழுந்தால் திருகு தளர்வு. பாதிப் புகார் திருகை ஒரு சுற்று முறுக்கியதும் தீர்ந்துவிடும், அதற்குக் கூலி வாங்குவதில்லை.

இன்னொரு வகையும் வரும். இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு பையன்கள் பைக்கில் வந்து, துணியில் சுற்றிய நீள அரிவாளை நீட்டினார்கள். மதுரைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு உள்ள பெயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீடு, விவசாயம், தொழில் உபயோகத்துக்குச் செய்தவைக்கு விலக்கு உண்டு. இளநீர் வெட்டுபவர் அரிவாளைப் பார்த்தாலே தெரியும், நாரும் கறையுமாக இருக்கும். அவர்கள் கொண்டுவந்தது புதுசு. கல் உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே வாசலில் ஒரு கேமரா மாட்டினேன், தெரியாதவர்களிடம் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்குவதை வழக்கமாக்கினேன். ஆறு மணிக்கு மேல் வேலை வாங்குவதும் இல்லை.

காகிதச் சமாசாரம் சின்னதுதான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேண்டும். எனக்கு அது தெரியாமல் ஒரு இன்டர்நெட் சென்டரில் 500 ரூபாய் அழுதேன். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அந்தக் கவலை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்வதாக இருந்தால் கட்டண வகை மாறுமா என்று மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள், பிறகு அபராதம் என்று வந்து நிற்கக்கூடாது.

முதல் ஆறு மாதம் மாதத்துக்கு 2,000 ரூபாய்கூடத் தேறவில்லை. இப்போது சாதாரண மாதத்தில் 13,000 பக்கம் நிற்கிறது, ஆயுத பூஜை மாதம் இருபதைத் தாண்டும். ரவிக்கையை விடவில்லை. காலையில் கல், மதியத்துக்கு மேல் துணி. இரண்டையும் கலந்து செய்தால் துணியில் இரும்புத் தூள் ஒட்டிக் கறையாகிவிடும், அதையும் ஒரு பட்டு ரவிக்கை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் அண்ணா நகரில் இருந்து ஒரு பாட்டி அரிவாள்மனையோடு வந்தார். மூன்று வருட வாடிக்கை. நோட்டைப் புரட்டினேன்: முதல் தடவை 41 மில்லிமீட்டர், இதோடு ஏழு தடவை தீட்டியாகிவிட்டது, இப்போது 40.5. வாசித்துக் காட்டினேன். அவர் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார்.

“கல்யாணத்துக்குச் சீராக் கொண்டுவந்தப்ப இது என் உள்ளங்கை அகலம் இருந்துச்சு. அம்புட்டும் எங்கடி போச்சு?”

“தெருத்தெருவாப் போச்சு பாட்டி.”

எழுபது ரூபாயைத் திண்ணையில் வைத்தார். நான் அரிவாள்மனையைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். நான் கையை எடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்.